நம் சபை எங்கே போகிறது? சபை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் சபையின் செயலராக நான் பொறுப்பேற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் "சார்வாள், ஒரு நிமிஷம்" என்று யாரும் எங்கேயும் என்னை நிறுத்தலாம், நிறுத்துகிறார்கள். ஆராதனை முடிந்து கோவில் வராந்தாவிலும், துட்டி (சாவு) வீட்டுப் பந்தலிலும், சென்னையிலிருந்து இரவு பத்து மணிக்கு வரும் கைபேசி அழைப்பிலும் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே எழுதி, பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த, செம்மணல் தேரிக்காட்டு ஓரத்துக் கிராமச் சபை எங்களுடையது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சட்டமும் விதியும் வரும் இடங்களில் அவற்றை அப்படியே சொல்லியிருக்கிறேன். மற்ற இடங்களில் இருப்பது என் சொந்தக் கருத்து. அதைக் கமிட்டியின் தீர்மானமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம்ம கோவிலைப் பூட்டப் போறாங்கன்னு பேசிக்கிறாங்களே, உண்மையா சார்வாள்?

இல்லை. அப்படி ஒரு பேச்சு கமிட்டியிலும் எழவில்லை, பேராயரின்கீழ் பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டல அலுவலகத்திலிருந்தும் வரவில்லை. ஆனால் வதந்தி எங்கே பிறந்தது என்று எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு சபைப் பதிவேட்டைத் திருத்தினோம். பதிவேட்டில் 164 குடும்பங்கள் இருந்தன. வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது ஊரில் அடுப்பு எரிகிற வீடுகள் 61. சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நாற்பதிலிருந்து ஐம்பது பேர் வருகிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இந்த எண்களைப் பொதுக்கூட்டத்தில் வாசித்த அன்று மாலையே "பூட்டப் போகிறார்கள்" என்ற பேச்சு டீக்கடை வரை போய்விட்டது.

என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டிய எண் வேறு. பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வேதம் கற்பிக்கும் ஓய்வு நாள் பள்ளியில் இப்போது ஏழு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் மூவர் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அசனத்தன்னைக்குப் பந்தல்ல உட்கார இடமில்லை. அப்புறம் எப்படி ஆளில்லைன்னு சொல்றீங்க?

கோவில் பிரதிஷ்டையை நினைவுகூரும் பிரதிஷ்டைப் பண்டிகையும், சபையார் எல்லாரும் சேர்ந்து உண்ணும் அசனமும் நடக்கும் நாளில் சென்னை, கோயம்புத்தூர், மும்பையிலிருந்தெல்லாம் வண்டி பிடித்து வருகிறார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அறுப்பின் பண்டிகையிலும் வெளியே நின்று பாடுகிறவர்கள் உண்டு. அந்த மூன்று நாட்களும் நமக்குப் பெருமைதான். பழைய சிநேகிதர்களைக் காணவும், தாய் தகப்பனின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றவும் வருகிறவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சபையின் காரியங்களை அந்த மூன்று நாட்களின் கூட்டத்தைப் பார்த்தே முடிவு செய்து பழகிவிட்டோம். எத்தனை நாற்காலி வாங்குவது, எவ்வளவு பெரிய ஒலிபெருக்கி வாங்குவது, கோவிலை எவ்வளவு அகலப்படுத்துவது என்று எல்லாவற்றுக்கும் அசனப் பந்தலே அளவுகோலாகிவிட்டது. லெந்து காலத்து வெள்ளிக்கிழமை மாலையில் வந்து உட்காரும் பதினெட்டுப் பேருக்கு என்ன தேவை என்று கமிட்டியில் யாரும் கேட்டதாகப் பழைய தீர்மானப் புத்தகத்தில் ஓர் இடத்திலும் இல்லை. நான் முழுதும் புரட்டிப் பார்த்தேன்.

எல்லாரும் எங்கே போனாங்க? விசுவாசம் குறைஞ்சு போச்சா?

பிழைப்புத் தேடிப் போனார்கள். இந்தப் பகுதியின் கிறிஸ்தவ ஊர்கள் பலவும் குடியேற்றமாகவே தொடங்கியவை. 1799இல் முதலூர் உருவானதே, புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் பாதுகாப்பாகச் சேர்ந்து வாழ ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான். அதன் பிறகு ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்திலும் நிலம் வாங்கி ஊர்கள் அமைக்கப்பட்டன. அந்த ஊர்களைத் தாங்கியது பனை. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய குடும்பங்களின் பிள்ளைகள் மரம் ஏற விரும்பவில்லை. அவர்களைப் பெற்றவர்களும் விரும்பவில்லை. கோவிலோடு சேர்ந்தே பள்ளிக்கூடம் இருந்ததால் படித்தார்கள். படித்தவர்கள் வேலைக்கும், படிப்பு ஏறாதவர்கள் சென்னை மளிகைக் கடைகளுக்கும், பிற்பாடு வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள்.

ஆகவே இதை விசுவாசக் குறைவு என்று பிரசங்கத்தில் சாடுவது எனக்குச் சம்மதமில்லை. இங்கிருந்து போனவர்களில் பலர் சென்னையில் தாங்கள் சேர்ந்த சபையில் கொயரிலும் கமிட்டியிலும் முன்னால் நிற்கிறார்கள். நாம் வளர்த்த பிள்ளைகளால் வேறு சபைகள் நிறைந்திருக்கின்றன.

வெளியூர்ல இருக்கிறவங்க பேரைப் பதிவேட்டுல இருந்து எடுத்துட்டீங்களாமே?

யார் பெயரையும் அடிக்கவில்லை. ஊரில் வசிப்போர், வெளியூரில் வசிப்போர் என இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறோம். ஞானஸ்நானப் பதிவும் திடப்படுத்தல் பதிவும் எந்த ஊரில் நடந்தனவோ அந்த ஊரில் என்றைக்கும் இருக்கும்.

வாக்குரிமை வேறு காரியம். தென்னிந்தியத் திருச்சபையின் ஒவ்வொரு திருமண்டலத்துக்கும் தனித்தனிச் சட்ட விதிகள் உண்டு. யார் வாக்களிக்கலாம், யார் போட்டியிடலாம் என்பதை அந்த விதிகளே சொல்லும். ஒருவர் இரண்டு சபைகளில் வாக்காளராக இருப்பது சரியல்ல. சென்னையில் வாக்களித்துவிட்டு இங்கேயும் வாக்களிக்க வந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

சங்கக் காணிக்கை பாக்கி வச்சிருந்தா கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாதாமே?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவுக்கு வயது எண்பத்திரண்டு. கேட்டபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நம் சபையில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் இறந்தவுடன் வீட்டார் வந்து கோவில் மணி அடிக்கச் சொல்வார்கள். உடனே கணக்குப் புத்தகத்தைத் திறந்து, சபையார் என்ற முறையில் கட்ட வேண்டிய சங்கக் காணிக்கை எத்தனை ஆண்டு பாக்கி என்று பார்ப்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் அந்த நேரத்தில் எதையும் கேட்காமல் கொடுத்துவிடுவார்கள் என்பதால் நிலுவை வசூலாக அதுவே எளிய வழியாகிப்போனது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கமிட்டியில் தீர்மானம் போட்டு அதை நிறுத்திவிட்டோம். நிலுவை இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கும்போதே, வீட்டில் வந்து பேசுவோம். கொடுக்க இயலாதவர்கள் என்று தெரிந்தால் அந்தப் பாக்கியைத் தள்ளிவிடும் பொறுப்பு கமிட்டிக்கு உண்டு. அந்த அம்மாவின் பாக்கி 1,150 ரூபாய். அது இப்போது புத்தகத்தில் இல்லை.

நாங்க போடுற காணிக்கை எல்லாம் எங்கே போகுது?

வரவு நான்கு வழிகளில் வருகிறது: ஞாயிறு காணிக்கை, சங்கக் காணிக்கை, பிறந்தநாள் திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகையில் மக்கள் படைக்கும் பொருள்களின் ஏலம். இவற்றில் ஏலம் ஒன்றே மற்ற மூன்றையும் கூட்டினால் வரும் தொகைக்கு அருகில் நிற்கிறது. செலவில் முதலிடம் திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்குத் தொகைக்கு. குருவானவரின் சம்பளம் அந்தப் பொது நிதியிலிருந்து வருகிறது. அதற்குப் பிறகு கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளையின் ஊதியம், குருவானவர் இல்லாத நாளில் ஆராதனை நடத்தும் உபதேசியாரின் வீட்டுப் பராமரிப்பு, மின்கட்டணம், நற்கருணைச் சாமான்கள், ஏழைகள் உதவி. கடைசியாகச் சொன்னதற்குக் கடைசியாகவே மிச்சம் வருகிறது.

ஏலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு கட்டு முருங்கைக்காயை 3,000 ரூபாய்க்கும் ஒரு சேவலை 12,000 ரூபாய்க்கும் கேட்பது நம் ஊர் வழக்கம்; அது பொருளின் விலையன்று, காணிக்கை. ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கைதட்டு வாங்கிய பிறகு அந்தத் தொகை கைக்கு வர வேண்டும். கடந்த பண்டிகையில் கேட்ட சேவல் குழம்பாகி நெடுநாள் ஆயிற்று. பணம் இன்னும் வரவில்லை. நான் பொறுப்பேற்றபோது இப்படி வராமல் நின்ற ஏலத் தொகை, ஓராண்டின் மின்கட்டணத்தைக் காட்டிலும் அதிகமாக இருந்தது.

அப்படின்னா மூணு வருஷமா ஏன் கணக்கு வாசிக்கலை?

இதற்குச் சமாதானம் சொல்ல இடமில்லை. எனக்கு முந்தைய காலத்தில் மூன்று ஆண்டுகள் கணக்கு பொதுக்கூட்டத்தில் வைக்கப்படவில்லை. நாங்கள் உட்கார்ந்து பார்த்தபோது திருட்டு என்று சொல்லத்தக்க எதுவும் அகப்படவில்லை. ரசீது இல்லாத செலவுகளும், ஒரே பையில் கலந்துவிட்ட இரண்டு நிதிகளும், மேலே சொன்ன வராத ஏலத் தொகையும்தான் அகப்பட்டன. அதனால் சேதம் சிறியது என்று ஆகிவிடாது. கணக்கு வாசிக்காத மூன்று ஆண்டுகளில் காணிக்கை குறைந்ததைவிட நம்பிக்கை அதிகமாகக் குறைந்தது.

இப்போது ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்குப் பின் பொதுக்கூட்டத்தில் வாசிக்கிறோம். மாத வரவு செலவைக் கோவில் பலகையில் ஒட்டுகிறோம். வாசிக்கிற அன்று கூட்டத்துக்கு 26 பேரே வந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்ம கூரையே ஒழுகுது. மிஷனெரி ஊழியத்துக்கு எதுக்குப் பணம் அனுப்பணும்?

நான் கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழேதான் உட்காருகிறேன், ஆகவே கேள்வியின் நியாயம் எனக்குப் புரியும். ஆனாலும் அனுப்ப வேண்டும் என்பதே என் எண்ணம். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்கள் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள். வெளிநாட்டார் பணத்தை நம்பாமல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். அப்போது நம் கோவில்களில் எத்தனை ஓடு வேய்ந்திருந்தன? நாம் அனுப்புவது பெரிய தொகையுமல்ல. அதை நிறுத்தினால் கூரையில் நான்கு ஓடு மாற்றலாம், அவ்வளவுதான்.

கோபுர வேலையை ஏன் நிறுத்தினீங்க? வசூல் பண்ணிட்டு இப்பக் கைவிரிக்கலாமா?

அதிகம் பேர், அதிகக் கோபத்தோடு கேட்ட கேள்வி இது. பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்: ஐந்து ஆண்டுகளுக்கு முன், கோவிலின் முன்பக்கத்தை இடித்து விரிவாக்கி உயரமான கோபுரம் கட்டுவது என்று பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் முடிவாயிற்று. தேரிக்குமேல் தூரத்திலேயே தெரியும் மெஞ்ஞானபுரம் கோபுரத்தைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. வெளியூரில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் அடிக்கல் நாட்டினோம். கிராம ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக்கென்று புதிதாகக் கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பை ஒழுங்காக நகர்த்த ஆளில்லாமல் காலம் ஓடியது. இதற்குள் கம்பி விலையும் கூலியும் ஏறி மதிப்பீடு வேறாகிவிட்டது.

நிறுத்தி வைக்கலாம் என்று கமிட்டியில் முன்மொழிந்தவன் நான். பழியை என்மேல் போடலாம். என் காரணம் அனுமதியோ பணமோ மட்டுமன்று. 400 பேர் அமரும் கோவிலில் 45 பேர் அமர்கிறோம். அதை 600 பேர் அமரும்படி விரிவாக்கினால் அதே 45 பேருக்குத்தான் அதைக் கூட்டவும் வெள்ளையடிக்கவும் மின்கட்டணம் கட்டவும் பொறுப்பு வரும். பணம் கொடுத்தவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கொடுத்தது தாங்கள் விட்டுவந்த ஊருக்கு, தங்கள் பிள்ளைப் பருவத்துக் கோவிலுக்கு. அந்த ஊரில் இன்றைக்கு வயதானவர்கள் மூன்று படி ஏற முடியாமல் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சாய்தளம் அமைக்க 38,000 ரூபாய் ஆகும் என்று கொத்தனார் சொன்னார். கோபுரத்துக்கு வசூல் நடந்த அந்த ஆண்டில் அதற்குப் பணம் இல்லை என்று கமிட்டி எழுதியிருக்கிறது.

அந்தக் கட்டட நிதியை எடுத்துக் கூரையையும் சாய்தளத்தையும் செஞ்சுட வேண்டியதுதானே?

கூடாது. ஒரு காரியத்துக்கென்று சொல்லி வாங்கிய பணத்தை, எவ்வளவு நல்ல காரியமானாலும், கொடுத்தவரைக் கேட்காமல் வேறொன்றுக்கு மாற்றக் கூடாது. முன்பு இரண்டு நிதிகள் ஒரே பையில் கலந்தபோது நேர்ந்ததைக் கணக்குக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். கட்டட நிதி இப்போது தனி வங்கிக் கணக்கில், வட்டியோடு, தொடப்படாமல் இருக்கிறது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதி, கோபுரத்துக்காகவே வைத்திருக்கவா, பழுது பார்க்கப் பயன்படுத்தவா, திருப்பித் தரவா என்று கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் தந்தவர்களில் பெரும்பாலோர் பழுது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இருவர் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டோம். ஒருவர் என்னை வைது நான்கு பக்கம் எழுதினார். அவருடைய தகப்பனார்தான் அந்தக் கோவிலுக்கு ஐம்பது ஆண்டுகள் மணி அடித்தவர் என்பதால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

எம் மகன் அமெரிக்காவில இருக்கான். அவன் அனுப்பினா வாங்கிக்குவீங்களா?

அவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். அந்தச் சட்டத்தின்கீழ் உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் புது டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். நம் சபைக்கு அவை இரண்டும் இல்லை.

அவர் ஊருக்கு வந்திருக்கும்போது ரூபாயாகவே கையில் கொடுத்தாலும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடில்லை. "எம் பேர்ல வரவு வச்சுக்கோங்க" என்று தாய் சொல்வதும் தீர்வாகாது. இதனால் சில முகங்கள் வாடியதைப் பார்த்தேன், வேறு வழியில்லை.

கோவிலுக்குத்தான் பனங்காடு கிடக்கே. அதுல கொஞ்சம் வித்துட்டா பிரச்சினை தீராதா?

நம்மால் விற்க முடியாது. 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோதே, சொத்துகளை வைத்துக்கொள்வதற்கென்று சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் என்ற கம்பெனியும் பதிவாயிற்று. திருச்சபையின் சொத்துகள் பெரும்பாலும் அதன் பெயரில் உள்ளன. "எங்க தாத்தா கொடுத்த இடம்" என்பது உண்மையாக இருக்கலாம். கொடுத்த பிறகு அது தாத்தாவுடையதுமல்ல, கமிட்டியுடையதுமல்ல.

நாம் செய்ய வேண்டியது இருப்பதைக் காப்பது. பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தை யாரும் பார்க்கலாம். பட்டாவையும் சர்வே எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். நம் காட்டின் தெற்கு எல்லையில் ஒரு வேலி ஐந்து அடி உள்ளே நகர்ந்திருப்பது அப்படித்தான் தெரியவந்தது. வேலியை நகர்த்தியவரும் நம் சபையார்தான்.

குருவானவர் மாசத்துல ஒரு தடவைதான் வாறார். நமக்குன்னு ஒரு ஐயரைக் கேட்டு வாங்க முடியாதா?

நம் சேகரத்தில் ஒன்பது சபைகள், ஒரு குருவானவர். 61 வீடுகளுக்கு ஒரு குருவானவரைத் தர எந்தத் திருமண்டலத்தாலும் இயலாது. தந்தாலும் முன்பு சொன்ன பங்குத் தொகை நம்மால் தாங்கக்கூடியதாக இருக்காது. இந்தப் பகுதிக் கிராமச் சபைகளை நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவந்தவர்கள் உபதேசிமார்தாம் என்பதை மறந்துவிட்டோம். உபதேசியார் ஆராதனை நடத்தினால் "இன்னைக்கு ஐயர் வரலை" என்று பாதிப் பேர் வீட்டில் இருந்துகொள்கிறார்கள். ஐயர் வராதது குறையா, நாம் வராதது குறையா?

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நன்றாக வேதம் வாசித்து ஜெபம் நடத்தக்கூடிய நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களை ஞாயிறு ஆராதனை நடத்த விடலாமே என்றேன். "பொம்பளை பீடத்துக்கிட்ட நிக்கறதா" என்று எதிர்ப்பு வந்தது. 2013இல் நந்தியால் திருமண்டலத்துக்குப் புஷ்பலலிதா அம்மையார் பேராயராகவே வந்தாயிற்று. நாம் வேத பாடம் வாசிப்பதைப் பற்றித் தகராறு செய்துகொண்டிருக்கிறோம்.

வாலிபப் பிள்ளைங்க எல்லாம் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகுது. கிட்டார், டிரம்ஸ் வச்சா திரும்பி வருமா?

இசைக்காகப் போனவர்கள் சிலர் இருக்கலாம். கீர்த்தனையும் பாமாலையும் மட்டுமே பாட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் கர்நாடக இசையில் கீர்த்தனைகள் பாடியதும் ஒரு காலத்தில் புதுமைதான். ஆனால் அப்படிப் போன பிள்ளைகள் எட்டுப் பேரிடம் நான் தனித்தனியாகப் பேசினேன். கிட்டாரைச் சொன்னவர் ஒருவர். மற்றவர்கள் சொன்னது, "எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவங்கதான் வந்தாங்க", "வேலை கிடைக்காம இருந்தப்ப தினமும் போன் பண்ணினாங்க" என்ற விதமாக இருந்தது. நம் வாலிபர் சங்கம் அந்த ஆண்டில் நடத்தியது ஒரு கிரிக்கெட் போட்டியும் ஒரு கிறிஸ்துமஸ் கேரல் சுற்றும்.

பிரிந்து போவது இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. 1857இல் நாசரேத்து மிஷனெரியோடு முரண்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தனிச்சபையே கண்டு, சனிக்கிழமையை ஓய்வு நாளாக ஆசரித்தார். அதற்கு முன்னே 1835இல் ரேனியஸ் ஐயரும் சர்ச் மிஷனெரி சங்கமும் பிரிந்தபோது உபதேசிமார் பலர் ஐயரோடு போனார்கள்.

காலையில இங்கேயும் சாயங்காலம் அங்கேயும் போறது தப்பா?

தப்பென்று சொல்லி யாரையும் தடுக்கும் எண்ணம் எனக்கில்லை. காணிக்கையை எங்கே கொடுப்பது என்று அடுத்த கேள்வி வரும். அது அவரவர் மனச்சாட்சி.

கமிட்டியில எப்பவும் அதே நாலு குடும்பந்தானே. நாங்க பேசி என்ன ஆகப் போகுது?

நான்கு குடும்பம் என்பது மிகையல்ல. அதில் ஒன்று என்னுடையது. தேர்தல் வந்தால் இரண்டு அணி, இரண்டு நோட்டீஸ், முடிந்ததும் மூன்று ஆண்டுப் பகை. சென்ற தேர்தலில் வேட்பு மனுவுக்கான கடைசி நாள் வரை பெண்களிலிருந்தும் நாற்பது வயதுக்குக் கீழிருந்தும் ஒருவர்கூட முன்வரவில்லை. முன்வராததற்குப் பகையைக் கண்ட பயம் காரணம் என்பது எனக்குத் தெரியும். அடுத்த முறை நான் நிற்கப் போவதில்லை.

கேசு போட்டாத்தான் எல்லாம் சரியாகும்னு சிலர் சொல்றாங்களே?

வழக்குத் தொடர யாருக்கும் உரிமை உண்டு. தென்னிந்தியத் திருச்சபை நிர்வாகத்தை நடத்த நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதிகளை நியமித்த நிலையும் நம் காலத்தில் வந்திருக்கிறது. ஆனால் 45 பேர் உட்காரும் சபையில் வழக்கு என்றால் வாதியும் பிரதிவாதியும் ஒரே பெஞ்சின் இரு முனைகளில் உட்கார வேண்டியிருக்கும். செலவு இரு பக்கமும் ஒரே காணிக்கைப் பையிலிருந்து போகும்.

"இரண்டு மூன்று பேர் கூடினாலே போதும் என்று வசனமே இருக்கிறதே, எண்ணிக்கையைப் பற்றி ஏன் கவலை" என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. மத்தேயு 18ஆம் அதிகாரத்தை அந்த 20ஆம் வசனத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து வாசிக்க வேண்டும். உன் சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்பதுதான் அங்கே பேச்சு. வேலியை நகர்த்தியவரிடம் நான் அப்படித்தான் தனியாகப் போனேன். மூன்றாம் முறை போனபோது காப்பி கொடுத்தார். வேலி இன்னும் நகரவில்லை.

பக்கத்து ஊர்ச் சபையோட நம்ம சபையைச் சேர்த்துடுவாங்களாமே?

கடைசிவரை தள்ளி வைத்த கேள்வி. அந்தச் சபை ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ எழுபது பேர் வருகிறார்கள். ஓய்வு நாள் பள்ளியில் முப்பது பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் இரண்டு சபைகளும் சேர்வதே சரி. சேர்ப்பதாக உத்தரவு எதுவும் வரவில்லை. பேச்சு மட்டும் உலவுகிறது.

எதிர்த்துப் பேசியவர்கள் தூரத்தைச் சொன்னார்கள், ஆராதனை நேரத்தைச் சொன்னார்கள், நம் கோவிலின் பழமையைச் சொன்னார்கள். ஒருவரும் சாதி என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. உண்மையான காரணம் அதுதான். அவர்கள் வேறு சாதி. ஒரே குருவானவர், ஒரே சேகரம், ஒரே பாட்டுப் புத்தகம். கல்லறைத் தோட்டம் மட்டும் இரண்டு, நடுவில் ஒரு சுவர். நம் பிள்ளைகள் சென்னையில் யார் பக்கத்தில் அமர்ந்து நற்கருணை எடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அந்த ஒன்றரை கிலோமீட்டர் நடக்கக் கால் வலிக்கிறது.

இணைப்பு என்று பெயர் வைத்தால் இரு பக்கமும் கதவை அடைத்துக்கொள்ளும் என்பதால் இந்த ஆண்டு மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியைச் சேர்ந்து நடத்தினோம். நம் ஏழும் அவர்கள் முப்பதும். முதல் நாள் தனித்தனியே உட்கார்ந்த பிள்ளைகளை மூன்றாம் நாள் பிரித்தறிய முடியவில்லை. நான்கு பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் இருவர் கடைசி நாள் நிகழ்ச்சிக்கு வந்து பின்னால் நின்றார்கள். அடுத்தது அசனம். ஒரே அடுப்பில் சமைத்து ஒரே பந்தியில் பரிமாற அங்குள்ள கமிட்டி சம்மதித்திருக்கிறது. நம் கமிட்டியில் வாக்கெடுப்பு நான்குக்கு நான்கு என்று நிற்கிறது; தலைமை வகிக்கும் குருவானவர் தம் வாக்கைப் போடவில்லை, அடுத்த கூட்டம் வரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

இதுல இல்லாத கேள்வியை யார்கிட்ட கேட்கிறது?

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் மேசை போட்டிருப்பேன். கணக்குப் புத்தகமும், கட்டட நிதி வங்கிப் புத்தகமும், தீர்மானப் புத்தகமும் மேசைமேல் இருக்கும், யாரும் புரட்டலாம். கண்ணாடி கொண்டு வாருங்கள், என் எழுத்து சிறியது. ஏலப் பாக்கி உள்ளவர்கள் தயங்காமல் வரலாம். அந்தப் பக்கத்தை மட்டும் அன்றைக்கு மடித்து வைத்திருப்பேன்.